மூன்று குறைகிறது

கொடுத்தது நாற்பது.
திரும்பி வந்தது முப்பத்தேழு.
பிராங்கின் கால்வாய்ப் பாலத்தில் நின்று
கைப்பேசி வெளிச்சத்தில் நோட்டைப் புரட்டி
விரல் வைத்து மறுபடி எண்ணுகிறேன்.
மஞ்சள் டப்பாவைக் குலுக்கிப் பார்க்கிறேன்,
குலுக்கினால் கூடிவிடும் என்பதுபோல்.
முப்பத்தேழுதான்.

மழை விட்டு அரை மணி ஆகிறது.
சூலியா தெருவில் மீ கோரேங் வண்டிக்காரர்
சட்டியைக் கழுவிக் கவிழ்க்கிறார்.
"ஊசியக்கா, இன்னும் கிளம்பலையா?"
இந்தத் தெருவில் எனக்கு அதுதான் பெயர்.
அடையாள அட்டையில் இருப்பது பத்மாசனி.

முதுகுப்பையில் புது ஊசி, பஞ்சு, ஆணுறை, பிஸ்கட்.
பிஸ்கட்தான் முதலில் தீரும்.
நேற்று ஒரு போலீஸ்காரர் திறக்கச் சொன்னார்.
அனுமதிக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்,
சிரித்தார்.
போகும்போது இரண்டு ஆணுறை
அவர் சட்டைப்பைக்குள் போனதை
நான் பார்க்கவில்லை.
நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டேன்: இரண்டு.

இந்தத் தீவுக்கு எல்லாம் கடல் வழிதான் வந்தது.
கிராம்பு வந்தது, அபின் வந்தது,
சஞ்சிக்கூலியாய் என் பூட்டன் வந்தான்.
எதற்கும் ஒரு சீட்டு, ஒரு முத்திரை, ஒரு வரி.
இது மட்டும்
எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தையும்
நிரப்பாமல் இறங்கியது.

என் வீட்டுக்கு
ஜெலுத்தோங் லோரிப் பட்டறை வழியாக வந்தது.
தணிகாசலமும் மூன்று கூட்டாளிகளும்,
ஒரே ஊசி, பாட்டில் மூடியில் தண்ணீர்.
கழுவினோம் என்றார்,
சத்தியமாகக் கழுவினோம்.
அவர் பதினாறாம் நாள் காரியத்தில்
பெரியம்மா சாம்பார் வாளியும் கையுமாக
எனக்குக் கேட்கும்படி சொன்னாள்:
ஊசி இடம் கொடுத்தால்தானே நூல் நுழையும்.

எந்த ஊசி, பெரியம்மா?
கடையில் ஒரு ரிங்கிட்கூட ஆகாதே அது.
அன்றைக்குப் புதிதாய் ஒன்றை
யாராவது அவர் கையில் திணித்திருந்தால்
இந்நேரம் நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.
அவர் குறட்டையைத் திட்டிக்கொண்டு.

ஒன்பது மணிக்குக் கைப்பேசி கூவியது.
ஒரு மாத்திரை, பதினோரு வருடமாக.
ரத்தத்தில் தேடினாலும் இப்போது கிருமி அகப்படாது,
உறவில் உங்களிடமிருந்து யாருக்கும் போகாது
என்கிறார் டாக்டர்.
சந்தோஷம்தான்.
ஆனால் அகப்படாதது வேறு, இல்லாதது வேறு.
அதனால்தான் எண்ணுகிறேன்.

ஒன்று,
சியா போய் பூங்காவில், சிமெண்டு பெஞ்சுக்கு அடியில்.
இடுக்கியால் எடுத்தேன்.

இன்னொன்றை ஆ கியோங் கொண்டுவந்தான்,
சீனப் பத்திரிகைத் தாளில்
மருந்துப் பொடிபோல் மடித்து.
கை சுட்டது. எத்தனை நாளாய்க் காய்ச்சல்?
தோளைக் குலுக்கினான்.
செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வா,
பெயர் கேட்கமாட்டார்கள், நம்பர்தான் என்றேன்.
யோசித்தான்.
"நாலு மட்டும் வேண்டாம், அக்கா.
எட்டு கிடைக்குமா?"
கேட்டு வாங்கித் தருகிறேன்.

மூன்றாவது எங்கும் இல்லை.

மொம்பாசாவில் ஒருத்தி, ஒதேசாவில் ஒருத்தி,
எனக்குத் தெரியாத மொழியில்
துறைமுக விளக்கின் கீழே
இந்நேரம் எண்ணிக்கொண்டிருப்பாள்.
அவளுக்கும் ஒன்று குறையும்.
அவளும் இப்படித்தான்
வாய்க்குள் யாரையோ திட்டுவாள்.

ஐந்து மணிக்குத் தெருக்கூட்ட வருவான்
வங்காளதேசத்துப் பையன்,
தேய்ந்த ஜப்பான் செலிப்பரோடு.
குப்பையைக் கையால் அள்ளுகிறவன்.
ஆறுக்குப் பள்ளிக்கூடப் பஸ்.

நோட்டில் எழுதுகிறேன்:
கொடுத்தது நாற்பது, வந்தது முப்பத்தொன்பது.
தேதியைப் போடவில்லை.
பையை மாட்டிக்கொண்டு
கால்வாய் ஓரமாக
மறுபடி முதலிலிருந்து,
குனிந்தபடி.